யோகலிங்கமும் இருபத்துநாலு கையெழுத்தும்

யோகலிங்கத்தைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவன் உயரத்தைச் சொல்லவேண்டும். ஐந்தடி மூன்றங்குலம். நான் ஆறடி. இரண்டுபேரும் ஒரே தோணியில் ஆறு மாதம் வேலை செய்தோம். கரையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்காத நாள் குறைவு. நான் பேணாட், பாலையூற்றுக்காரன். ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலுக்குள் விட்டு ஆழம் பார்ப்பது என் வேலை. நான் சத்தம்போட்டுச் சொல்லும் அளவை எழுதுவது அவன் வேலை.

அவன் சல்லி என்ற கடற்கரை ஊரில் மீன்பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளை. கொழும்பில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்திருந்தான். அந்தப் படிப்பின் கடைசிப் பகுதியை வகுப்பில் இருந்து படிக்க ஏலாது. இருபத்துநாலு கிழமை, கிட்டத்தட்ட ஆறு மாதம், ஒரு எஞ்சினியரின் கீழ் வேலை செய்யவேண்டும். ஒவ்வொரு கிழமையும் செய்ததை ஒரு புத்தகத்தில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். இருபத்துநாலு கையெழுத்தும் சேர்ந்தால்தான் கார்த்திகை மாதப் பரீட்சைக்கு விடுவார்கள். தவறினால் அடுத்த கார்த்திகைவரை காத்திருக்கவேண்டும். அதனால் அந்தப் புத்தகத்தைத் துணியில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுவருவான், சைக்கிளிலேயே கொண்டுபோவான்.

அது ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்துமூன்றாம் ஆண்டு, உலக யுத்த காலம். எங்கள் துறைமுகத்தின் உட்துறை முழுக்கப் போர்க்கப்பல்கள். அவ்வளவு கப்பலுக்கும் குடிதண்ணீர் வேண்டுமே. அதற்காக அலை குறைந்த ஒரு ஒதுக்கில் புதிய இறங்குதுறை கட்டினார்கள். தண்ணீர் ஏற்றும் கப்பல் ஒன்று அங்கே வந்துபோகவேண்டும். அதற்குப் பதினோரடி ஆழம் தேவை. வரும் வழியெல்லாம் அவ்வளவு ஆழம் இருக்கிறதா என்று பார்த்துப் படம் கீறிக் கொடுப்பதுதான் எங்களுக்குக் கிடைத்த வேலை.

எஞ்சினியர் சோமசேகரம் ஐயா யாழ்ப்பாணத்தார். வாய் திறந்தால் காசு போய்விடும் என்று நினைப்பவர். முதல் கிழமை யோகலிங்கம் காற்று, வெயில், அலை என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனான். ஐயா ஐந்து வரியை விட்டு மிச்சத்தை வெட்டினார். இரண்டாம் கிழமை மூன்று வரியை வெட்டினார். ஐந்தாம் கிழமை ஒன்றையும் வெட்டவில்லை. அன்றைக்கு இவன் எனக்குத் தேத்தண்ணீர் வாங்கித் தந்தான். ஈரக் கையால் பென்சில் பிடிக்க, தோணி ஆடும்போது எண்ணைப் பிசகாமல் எழுத, என்னைப்போல ஒரு கோபக்காரனோடு நாள் முழுக்கச் சண்டையில்லாமல் இருக்க எல்லாம் அந்த மாதங்களில்தான் பழகினான். எனக்கு அவனை நன்றாகப் பிடித்துவிட்டது.

பதினாறாம் கிழமை, அடியில் கிடந்த பழைய சங்கிலியில் எங்கள் கயிறு சிக்கிக்கொண்டது. அறுத்துவிட்டோம். புதுக் கயிறு கொழும்பிலிருந்து வர ஒரு மாதம் என்றார்கள். "ஏன் காத்திருக்கவேணும், வீட்டிலை நல்ல கயிறு கிடக்கு" என்று சொல்லிப் போனான் இவன். ஞாயிற்றுக்கிழமை சல்லி வீட்டில் குந்தியிருந்து, ஆறடி கொண்ட ஒரு பாகத்துக்கு ஒரு முடிச்சு என்று போட்டு, முடிச்சில் துணிக்கந்தல் கட்டி, திங்கட்கிழமை கொண்டுவந்தான். மூன்று கிழமை அந்தக் கயிற்றால் அளந்தோம். ஐயா மூன்று கையெழுத்துப் போட்டார். படமும் அவர் மேசைக்குப் போய்விட்டது.

இருபதாம் கிழமை தொடக்கத்தில் ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்க எனக்கு ஏலாது. கயிற்றை எடுத்து, இரண்டு கையையும் விரித்து நெஞ்சோடு பிடித்துப் பார்த்தேன். நான் ஆறடி ஆள், என் கை விரிப்பும் ஆறடி; அடுத்த முடிச்சு என் விரல் நுனிக்கு வரவேண்டும். மணிக்கட்டோடு நின்றது.

"மச்சான், உன்ரை கயிறும் உன்னைப்போலை கட்டைதான்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. ஐயாவின் அலுவலகமான கந்தோருக்கு ஓடிப்போய் அளவு நாடாவோடு வந்தான். முடிச்சுக்கு முடிச்சு ஐந்தடி நாலங்குலம். ஆறடி இருக்கவேண்டும்.

நடந்தது இதுதான். சல்லியில் கயிறு அளக்கிறவர்கள் நாடாவைத் தேடுவதில்லை. கை விரித்தால் ஒரு பாகம். கட்டைக் கையனுக்குக் கட்டைப் பாகம், நெட்டைக் கையனுக்கு நெட்டைப் பாகம். தன் கயிற்றைத் தானே கடலில் விடுகிறவனுக்கு அதனால் ஒரு நட்டமுமில்லை. யோகலிங்கம் கல்லூரியில் கயிற்றை நனைத்து, நாடா பிடித்து அளக்கப் படித்தவன். ஆனால் வீட்டு முற்றத்தில் கயிறு கைக்கு வந்ததும் கை தன் பாட்டில் விரிந்துவிட்டது. படத்தில் பன்னிரண்டு அடி என்று கீறிய இடத்தில் உண்மையில் பத்தடி எட்டங்குலம்தான் தண்ணீர். கப்பல் அடுத்த கிழமை வருகிறது.

"கணக்குப் போட்டுத் திருத்தி வேறை படம் குடு. ஏன் சொல்லவேணும்? அஞ்சு கிழமையிலை எல்லாம் முடியப்போகுது" என்றேன். வெட்கமில்லாமல்தான் சொன்னேன்.

"என்ரை கை ஒவ்வொரு முறையும் ஒரேயளவா விரிஞ்சிருக்குமோ? என்ரை கயிறு நனைஞ்சு எவ்வளவு இழுபட்டுதோ ஆருக்குத் தெரியும்? தெரியாததைக் கணக்குப் போட ஏலாது, பேணாட். திரும்பத்தான் அளக்கவேணும்."

"அப்ப அந்த மூண்டு கையெழுத்து?"

அவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கந்தோருக்கு நடந்தான். பின்னால் நானும் போனேன்.

ஐயா கதிரையில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"ஐயா, நான் பிழையா அளந்துபோட்டன். பாகத்துக்கு எட்டங்குலம் குறையுது."

"எத்தினை கிழமை?"

"மூண்டு, ஐயா."

"இதை ஆர் கண்டுபிடிச்சது?"

"பேணாட். ஆனால் கயிறு நான் கட்டினது."

ஐயா சிவப்பு மையை எடுத்தார். மூன்று பக்கத்திலும் தன் கையெழுத்துக்குக் குறுக்கே நீளமாகக் கோடு இழுத்தார். "பிழையான வேலைக்கு நான் கையெழுத்து வைக்கேலாது. கப்பலை மறிக்கிறன். பத்து நாள் தாறன். திரும்ப அளந்து தாரும்." புத்தகத்தைத் திருப்பித் தந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தானாக வந்து சொன்னவனுக்கு இதா கூலி என்று வெளியே நின்று கத்தினேன். யோகலிங்கம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். மிச்சக் கிழமை எல்லாவற்றுக்கும் கையெழுத்துக் கிடைத்தாலும் இருபத்தொன்றுதான் வரும் என்று இரண்டுபேருக்கும் தெரியும்.

பத்து நாளும் விடியமுன் தோணி தள்ளினோம். கயிற்றை ஒரு இரவு உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டு, நாடா பிடித்து, ஆறடிக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தரம் போட்டோம். பழைய வழியின் நடுவில் பத்தரை அடித் திட்டு ஒன்று கிடந்தது. கிழக்கே நாற்பது கெஜம் தள்ளி நல்ல ஆழம் இருந்தது. புதுப் படத்தில் அந்த வழியைக் கீறினான். கப்பல் அந்த வழியால் வந்து கரையோடு கட்டியது. ஊருக்கு அது ஒரு புதினமாகவே படவில்லை. நாங்கள் இரண்டுபேரும்தான் பார்த்துக்கொண்டே நின்றோம்.

குறைந்த மூன்று கிழமைக்கு என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி அவனைப் பரீட்சை எடுக்கவிட்டது. மிச்சக் கிழமையைத் தை மாதம் செய்து முடித்தால்தான் தேர்ச்சிப் பத்திரம் தருவோம் என்றது. தை மாதம் வந்தான், செய்தான், பத்திரமும் வாங்கினான். இப்போது துறைமுகத்திலேயே வேலை. என்னைவிட நல்ல சப்பாத்துப் போடுகிறான்.

ஆனால் இருபத்துநாலாம் கிழமையின் கடைசி நாள் எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. ஐயா புத்தகத்தை வாங்கி, கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதி, மூடிக் கொடுத்தார். கந்தோருக்குள் அதைத் திறக்க இவனுக்குத் துணிவில்லை. தோணிக்கு வந்து முன்பக்கத்து அணியத்தில் இருந்துகொண்டு திறந்தான். இங்கிலீஷ் எனக்கு மட்டுமட்டு. அவன்தான் தமிழில் சொன்னான்.

"மூன்று கிழமை பிழையாக அளந்தார். கேட்பதற்கு முன் தானே வந்து சொன்னார். இனி இவர் அளந்த இடத்தை நான் திரும்ப அளக்கமாட்டேன்."

சொல்லி முடிக்க முன் அழுதுவிட்டான். நான் துடுப்பை எடுத்து வலித்தேன்.