அண்ணியின் மரபணு

இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் அண்ணி முதலில் மூக்கைத்தான் உள்ளே நீட்டுவார். முகர்ந்து பார்க்கக் கூடாது என்று அந்தக் கதவிலேயே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எழுதி ஒட்டியவரும் அவர்தான். உள்ளே இளஞ்சூட்டில் அடுக்கி வைத்த தட்டுகளில் பாக்டீரியாக்கள் வளர்கின்றன. "இன்னிக்கு வயிறு நிறையத் தின்னுருக்குங்க தம்பி" என்பார் என்னிடம். எனக்கு வரும் வாடையோ அழுக்குச் சாக்ஸின் வாடை.

என் அலுவலகம் அடுத்த தெருவில். மாலையில் அண்ணியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவது என் பொறுப்பு. அவர் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியதே இல்லை. காத்திருக்கும்போது ஆய்வகத்தின் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கோட்டுப் பையில் ரப்பர் பேண்டுகள் பிதுங்கும். மூக்குக்கண்ணாடி ஒன்று கண்ணிலும் இன்னொன்று தலையிலும் இருக்கும்; மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். வீட்டிலும் நின்றபடியேதான் சாப்பிடுவார்.

அவருடைய ஆயுள் முழுவதும் ஒரே ஒரு மரபணுவோடு கழிந்திருக்கிறது. அது என்ன செய்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "சர்க்கரை இருக்கிற வரைக்கும் இதுங்க அதைத்தான் திங்கும். தின்னுட்டு வினிகர் மாதிரி புளிப்பா ஒண்ணை வெளிய துப்பும். சர்க்கரை தீந்ததும் என்ன பண்ணும்? துப்புனதையே எடுத்துத் திங்கணும். அதுக்குன்னு ஒரு நொதி வேணும். அந்த நொதியைச் செய்யற மரபணு அதுவரைக்கும் பூட்டியே கெடக்கும். தேவைப்படாத நேரத்துல எதுக்குச் செஞ்சு வீணாக்கணும்? கஞ்சப் பிசினாறிங்க." கடைசிச் சொல்லை அவ்வளவு வாஞ்சையாகச் சொன்னார்.

பூட்டைத் திறப்பது எது என்பதுதான் கேள்வி. இன்ன புரதம்தான் திறக்கிறது என்று அண்ணியும் என் அண்ணனும் இளவயதில் கண்டுபிடித்தார்கள். அந்தப் புரதத்தை நீக்கிய பாக்டீரியாவை அண்ணன் உருவாக்கினார். அண்ணி அதை வளர்த்துப் பார்த்தார். வினிகர் மட்டும் உள்ள தட்டில் அது முளைக்கவே இல்லை. கட்டுரை வெளிவந்தது, பாடப்புத்தகத்தில் ஏறியது, அடுத்த வருடமே கல்யாணமும் நடந்தது. அண்ணன் துறைத் தலைவரானார். ஆய்வகத்துக்குள் வருவதையே விட்டுவிட்டார்.

போன வருடம் வேறொரு ஊரிலிருந்து முன்பின் தெரியாத ஓர் ஆராய்ச்சி மாணவி தொலைபேசியில் அழைத்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "மேடம், உங்க புரதத்தை நீக்கிட்டேன். ஆனா என்னோடது வினிகர்ல நல்லா வளருது. திரும்பத் திரும்பச் செஞ்சுட்டேன். எனக்குக் கை சரியில்லன்னு எங்க சார் சொல்றார். என்னை அனுப்பிடுவார் போல." குரல் உடைந்தது. "அழாதம்மா. கை சரியா இல்லையான்னு நான் பாத்துச் சொல்றேன்" என்றார் அண்ணி.

அந்த மாதம் முழுவதும் என்னோடு அவர் பேசியது குறைவு. புதிதாக ஒரு பாக்டீரியாவில் அதே புரதத்தை நீக்கினார். வினிகர் தட்டில் அது முளைத்தது. உறைபெட்டியில் கிடந்த பழையதை எடுத்து அதன் மரபணுக்கள் முழுவதையும் படிக்கக் கொடுத்தார். நொதியைச் செய்யும் மரபணுவிலேயே ஒரு சிறு துண்டு காணோம். உருவாக்கும்போதே எப்படியோ போயிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை.

ஸ்கூட்டரில் என் முதுகுக்குப் பின்னால் இருந்து சொன்னார்: "சாவிக்காரனை வெளிய அனுப்பினோம், கதவு திறக்கல. அதனால சாவி அவன்கிட்டதான் இருந்துச்சுன்னு எழுதிட்டோம். கதவே உடைஞ்சு கெடந்திருக்கு தம்பி."

வீட்டில் அதை அண்ணனிடம் சொன்னபோது அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். அவர்கள் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த சமயம்.

"இத்தனை வருஷம் கழிச்சு இதைத் தோண்டி எடுத்து யாருக்கு என்ன லாபம்?"

"அந்தப் பொண்ணு வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கா. திட்டு வாங்கறது அவ."

"உருவாக்கினது நான். என் பேருதான் நாறும்."

"ரெண்டு பேரும்தான் கையெழுத்துப் போட்டோம். கட்டுரையை வாபஸ் வாங்கறதுக்கும் ரெண்டு பேரும்தான் போடணும்."

அண்ணன் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தட்டு வைக்கும் சத்தமும் குழாய்ச் சத்தமும்தான். நான் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பேருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணி வற்புறுத்தவில்லை, அழவில்லை. மாணவிக்கு மட்டும் தொலைபேசியில் சொன்னார்: "உன் கை சரியாத்தான் இருக்கு. உங்க சார்கிட்ட நானே பேசறேன்." பேசவும் செய்தார்.

ஒரு காலையில் அண்ணன் ஆய்வக வாசலில் வந்து நின்றார். "நானே செஞ்சு பாக்கணும்" என்றார். அண்ணி தன் மேசையை ஒழித்துக் கொடுத்தார். கையுறை எந்த இழுப்பறையில் இருக்கிறது என்றுகூட அண்ணனுக்குத் தெரியவில்லை. அவரே தேடிக்கொள்ளட்டும் என்று அண்ணி விட்டுவிட்டார். அண்ணன் அந்தப் பாக்டீரியாவை மறுபடி உருவாக்கி முடிக்கும் வரை அண்ணி அந்தப் பக்கமே போகவில்லை. தட்டுகளைப் பார்க்கும் நாளில் மட்டும், எது புதியது, எது பழையது என்று தெரியாதபடி பெயர்களின் மேல் டேப்பை ஒட்டி அவர் முன்னால் அடுக்கிவிட்டு வெளியே வராந்தாவுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். விரல்களில் ஒரு ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே டேப் உரிக்கும் சத்தம் கேட்டது.

"புதுசு முளைச்சிருக்கு" என்றார் அண்ணன், கதவைப் பிடித்துக்கொண்டு.

கையெழுத்துப் போட்டார். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இயக்குநர் பதவி வேறொருவருக்குப் போனது. இதனால்தான் போனதா என்று எனக்குத் தெரியாது. வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை.

நிலையத்தின் அரங்கில் அண்ணி அதை எல்லோருக்கும் விளக்கினார். திரையைப் பயன்படுத்தவில்லை. கரும்பலகையில் மரபணுவை ஒரு நீளக் கோடாக வரைந்து, அதன் மேல் அந்தப் புரதத்தை வட்டமாகப் போட்டு, இரண்டையும் அம்புக்குறியால் இணைத்துவிட்டு, எங்கே பிசகியது என்று சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "பழைய பாக்டீரியாவை உருவாக்கினது யாரு?"

"எங்க ஆய்வகத்துல செஞ்சது. கட்டுரையை அனுப்பறதுக்கு முன்னாடி சரிபாக்க வேண்டியது என் வேலை. பாக்கல."

மூன்றாவது வரிசையில் அண்ணன் எழுந்தார். "நான் செஞ்சது" என்றார். நாற்காலிகள் கிறீச்சிட்டு அடங்கின. அவர் உட்காராமல் நின்றார்.

அண்ணி பலகையின் பக்கம் திரும்பி அம்புக்குறியை உள்ளங்கையால் அழித்தார். படியிறங்கி மூன்றாவது வரிசை வரை நடந்து வந்து, சாக்பீஸை அண்ணனிடம் நீட்டினார்.