இடது ஒன்பது, வலது ஐந்து

ஷூ அளவில் அக்காவின் இடது கால் எட்டு, வலது கால் ஆறு. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது சும்மா போகாமல் வலது காலின் வளர்ச்சியையும் கூடவே கொண்டுபோய்விட்டது. அதற்காக அவள் அழுததாக வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. கடைக்காரர்களோடு சண்டை போட்டதுதான் எல்லோருக்கும் ஞாபகம். எட்டில் ஒரு ஜோடி, ஆறில் ஒரு ஜோடி வாங்க வேண்டும். அதிலிருந்து ஒன்று, இதிலிருந்து ஒன்று என்று மாட்டிக்கொண்டு, மிச்ச இரண்டையும் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டும். வருஷா வருஷம் இதே கூத்து. "பிரிச்சுக் குடுத்தா என்ன குறைஞ்சு போயிடுவீங்க?" என்று பன்னிரண்டு வயதிலேயே ஒரு பெரிய கடையின் நடுவில் நின்று கேட்டவள் அவள். கடைக்காரர் சிரித்தாராம். அந்தச் சிரிப்பை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டில் மூத்தவள் என்பதால் வந்த பெயர் அக்கா. பிறகு ஷூ தொழிற்சாலையில் ஷூவின் மேல்பாகத் தோலைத் தைக்கும் பிரிவில் பதினெட்டு வருஷம் இருந்தபோது, அவளைவிடப் பத்து வயது பெரியவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். இப்போது கூரியர்காரரும் அப்படித்தான். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அவள் வீட்டுக்காரர் அதே தொழிற்சாலையில் தோல் வெட்டுபவராக இருந்தவர். வாயைத் திறந்து பேச யோசிக்கிற ஆள். கல்யாணத்துக்கு முன்னால் அவர் கொடுத்த ஒரே பரிசு, எட்டும் ஆறும் சேர்ந்த ஒரு ஜோடி ஷூ. அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளும் சரி என்றுவிட்டாள்.

பிற்பாடு இருவரும் வேலையை விட்டு, ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு தையல் மெஷினோடு சொந்தப் பட்டறை போட்டார்கள். கால்கள் வேறு வேறு அளவாக இருப்பவர்களுக்கு ஷூ செய்வது என்று ஆரம்பத்திலேயே முடிவு. பக்கத்து மருத்துவமனையில் நடைப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஆட்களை அனுப்பி வைத்தார். வந்தவர்கள் இன்னொருவரிடம் சொன்னார்கள். ஆனால் நடக்கச் சிரமப்படுகிறவர்களைத்தான் அத்தனை தூரம் நடந்து வரச் சொல்கிறோம் என்பது அக்காவின் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. இணையத்தில் கடை திறந்தே ஆவது என்று அவள் நின்றபோதுதான், எந்த மாதிரிக் கடை என்ற தகராறு கிளம்பியது.

முதலில் வந்தவன் கொழுந்தன். போன் உறைகளை இணையத்தில் விற்று நன்றாகவே பிழைக்கிறவன். மாத வாடகைக்குக் கிடைக்கிற ஒரு தயார்க் கடைத் தளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தான். கொடுத்த டீ ஆறுவதற்குள் கடை ரெடி. படம், பணம் கட்டும் வசதி, கூரியர், எல்லாம் பக்காவாக இருந்தது. கெட்டிக்காரன் என்பதில் சந்தேகமே இல்லை.

அக்கா திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுல சைஸ் ஒண்ணுதானே கேக்குது?" என்றாள்.

"ஆமா அண்ணி. ஒரு பொருளுக்கு ஒரு சைஸ்தான். வேற வேற அளவு வேணும்கிறவங்களுக்குக் கீழ 'விற்பவருக்குக் குறிப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுல எழுதிடுவாங்க."

எழுதினார்கள். முதல் வாரத்தில் வந்த ஒரு ஆர்டரின் குறிப்பு ஒன்பது வரி இருந்தது. இடது கால் ஏழு, வலது கால் ஒன்பது என்று முதல் வரியிலேயே விஷயம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஆர்டர் கொடுத்த பெண் எழுதியிருந்தாள். எந்த வருஷம் விபத்து, எத்தனை அறுவை சிகிச்சை, வேண்டுமானால் டாக்டர் சீட்டை அனுப்புகிறேன், தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

அக்கா அதைச் சத்தமாகப் படித்தாள். கடைசி வரி வந்தபோது அவள் குரல் உயர்ந்தது. கோபத்தில்தான்.

"ஷூ வாங்க வந்தவ எதுக்கு மன்னிப்பு கேக்கறா?"

"நாம கேக்கச் சொல்லலையே அண்ணி."

"கட்டம் கேக்குதே! இத்தனாம் பெரிய கட்டத்தைக் காலியா வெச்சு 'சொல்லு, சொல்லு'ன்னா மனுஷி என்ன பண்ணுவா?"

கொழுந்தன் சளைத்தவன் இல்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை எட்டு அளவுகளையும் இடம், வலம் என்று கோர்த்து, ஐந்து-ஐந்து, ஐந்து-ஆறு என்று தொடங்கி அறுபத்து நான்கு வரிப் பட்டியல் ஒன்றைப் போட்டுக் காட்டினான். அக்கா அதை மேலிருந்து கீழே வரை தள்ளிப் பார்த்தாள். "இது ஷூ கடையா, வாய்ப்பாடா?" என்றாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனான்.

அக்கா நேரே மூன்றாவது மாடிக்குப் போனாள். அங்கே குடியிருக்கிற சாஃப்ட்வேர்காரி, வீட்டிலிருந்தபடியே கம்பெனிகளுக்கு இணையதளம் கட்டித் தருகிறவள். இரண்டு குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, ஆசை காட்டாமல் உள்ளதைச் சொன்னாள்.

"கட்டறது பெரிசில்லக்கா. கட்டினப்புறம் காப்பாத்தணும். அவங்க தளம்னா, உடைஞ்சா அவங்க பாத்துப்பாங்க. இது உடைஞ்சா என்னைத்தான் தேடணும். நான் இல்லாத நேரம் என்ன பண்ணுவீங்க?"

"தையல் மெஷின் நின்னா நானே பிரிச்சுப் பாக்கறேன். இதையும் எப்படிப் பாக்கறதுன்னு நோட்டுல எழுதிக் குடுத்துடு."

"அவ்வளவு சுலபம் இல்லக்கா."

"மெஷினும் சுலபமா இல்ல."

வேலை நான்கு மாதம் பிடித்தது. அக்கா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு ஷூவுக்குக் கீழேயும் இடது, வலது என்று இரண்டு கட்டம். அது எல்லோருக்கும். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பவர்களும் இரண்டு தடவை தொடட்டும், விரல் தேய்ந்து போய்விடாது. ஏன் என்று எந்த மூலையிலும் கேட்கக் கூடாது. தன் கடையில் ஒருத்தரும் தன் காலைப் பற்றிக் கதை சொல்லக் கூடாது, வேண்டாத ஷூவை வாங்கவும் கூடாது. இந்தக் கடையால் அவளுக்கு ஆக வேண்டியது அவ்வளவுதான்.

"யாராவது ஒரு கட்டத்தை மறந்துட்டா ஆர்டர் அரைகுறையா வரும்க்கா" என்றாள் சாஃப்ட்வேர்காரி.

"மறக்கவே விடாதே. ரெண்டும் போட்டாத்தான் அடுத்த பக்கம்" என்றாள் அக்கா, ஒரு நொடிகூட யோசிக்காமல்.

கடை திறந்தது. இரண்டாவது மாதம் இரண்டு நாள் படுத்தும்விட்டது. கொழுந்தன் சரியாக அந்த நேரம் பார்த்து வந்து, "நான் அப்பவே சொன்னேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அக்கா அவனுக்கு டீயைக் கொடுத்துவிட்டு, நோட்டை மடியில் விரித்து, மாடியில் இருப்பவளிடம் போனில் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு படியாகச் செய்தாள். மூன்று முறை தப்பாகி நான்காவது முறை கடை எழுந்து நின்றது. ஆர்டர்கள் மறுபடி வந்தன. எட்டு-ஆறு, பத்து-ஒன்பது, ஆறு-ஏழு. ஒரு குறிப்பு இல்லை, ஒரு மன்னிப்பு இல்லை. அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்த ஆர்டர்களில் ஒன்றுதான் இடது ஒன்பது, வலது ஐந்து. கறுப்பு. செய்து அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து அதே ஆளிடமிருந்து, அதே அளவில் பழுப்பு நிறத்தில் இன்னொரு ஜோடி கேட்டு வந்தது.

வீட்டுக்காரர் கால் வடிவில் செதுக்கிய ஐந்தாம் அளவு அச்சுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "நாலு சைஸ் வித்தியாசம். இவ்வளவு சின்ன காலுக்கு வெறும் அஞ்சு பொருந்துதோ என்னவோ. அகலம், உயரம் எல்லாம் மாறுமே. ஒரு வார்த்தை கேட்டுடேன்."

கேட்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். கொஞ்சம் தயங்கினாள். பொருத்தத்தை மட்டும் கேட்போம், காரணம் கேட்க வேண்டாம் என்று போன் செய்தாள். எடுத்தவர் கடிகாரம் பழுது பார்க்கிறவராம், பின்னால் பத்துப் பன்னிரண்டு கடிகாரங்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

"போன தடவை அனுப்புன ஷூ நல்லாப் பொருந்துச்சாங்க?"

"கனகச்சிதம்மா. அதான் இன்னொண்ணு கேட்டேன்."

"வலது ஷூ? அது பிடிக்குதா, தளருதா?"

அவர் சிரித்தார்.

"அது பெட்டியிலயே இருக்கும்மா. எனக்கு வலது கால் இல்ல. உங்க கடையில ஒண்ணு மட்டும் போட்டா அடுத்த பக்கம் விடல. சரி, இருக்கறதுலயே சின்னதாப் போடுவோம், உங்களுக்குத் தோலாவது மிச்சமாகட்டும்னு அஞ்சு போட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அக்காவுக்குக் காது சுட்டது. போனை வைத்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். நூல் கோர்க்கவில்லை. எத்தனை கடைக்காரர்களை எத்தனை வருஷம் திட்டியிருப்பாள்! அவர்கள் செய்ததையே அவளும் செய்துவிட்டாள். அதுவும் சொந்தமாகக் காசு கொட்டிக் கட்டிய கடையில், தன் வாயால் சொல்லி வைத்த சட்டத்தால். அந்த மனிதர் கோபப்படவும் இல்லை, அவளுடைய தோலைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

துடைத்த கையோடு எழுந்தாள். மூன்று மாடியையும் நிற்காமல் ஏறினாள்.

"அந்தக் கட்டாயத்தை எடு. இப்பவே."

விஷயத்தைக் கேட்டதும் சாஃப்ட்வேர்காரி லேப்டாப்பைத் திறந்தாள். அப்புறம் தயங்கித் தயங்கி, "நிஜமாவே மறந்து விட்டவங்க என்னக்கா பண்ணுவாங்க?" என்றாள்.

"மறந்தவங்க சண்டைக்கு வருவாங்க, குடுத்துக்கலாம். இவரு வரல பாரு, அதான் எனக்குப் பயமா இருக்கு. ஒண்ணு போட்டா ஒண்ணு, பாதி விலை. ஏன்னு கேக்கறது, நிச்சயமான்னு கேக்கறது, ஒண்ணும் வரக்கூடாது."

முக்கால் மணி நேரத்தில் மாற்றியாகிவிட்டது. அந்தச் செய்தியைக் கேட்ட கொழுந்தன் அன்றைக்கு டீ டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான்.

கடிகாரக்காரருக்குப் பழுப்பு நிற இடது ஷூ தயாரானது. வேண்டாமலே வாங்க வைத்த கறுப்பு வலது ஷூவுக்கும், செய்யாமல் விட்ட பழுப்பு வலது ஷூவுக்கும் அக்கா காசைத் திருப்பி அனுப்பிவிட்டாள். வீட்டுக்காரர் ஷூவைப் பெட்டியில் வைத்தார். இரண்டு ஷூவுக்கான பெட்டி. ஒன்று உள்ளே போனதும் பாதி காலியாகக் கிடந்தது. பக்கத்தில் காகிதத்தைச் சுருட்டித் திணிக்கப் போனவரை அக்கா தடுத்தாள்.

"வேண்டாம். அவரு திறந்ததும் முதல்ல காலி இடத்தைத்தான் பாக்கணுமா? ஒரு ஷூ சரியா உக்கார்ற மாதிரி பெட்டி சொல்லுங்க."

அவர் பெட்டி செய்பவருக்குப் போன் போட்டார். பேசிவிட்டு, போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு திரும்பினார்.

"ஐந்நூறுக்குக் குறைச்சு செய்ய மாட்டாங்களாம். ஒத்தை ஷூ வாங்கறவர் ஒரே ஒரு ஆள். ஐந்நூறு பெட்டி எதுக்கும்மா?"

"நாம போன் போட்டுக் கேட்டதே இவரு ஒருத்தரைத்தாங்க, கேக்காம விட்டவங்க எத்தனை பேரோ" என்றாள் அக்கா. "ஐந்நூறு சொல்லுங்க."