உடம்புக்கு மேற்படி இல்லை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதுபோக வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கியே இருக்கின்றன, பேனா வழுக்குகிறது. மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடும் சிஸ்டர், எனக்கு வந்த நோய்க்குப் புதிதாக மாத்திரை தொடங்குகிறவர்களிடம் பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

கம்பத்துக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டத்தில் எனக்குக் கொடியை வெட்டிவிடும் கவாத்து வேலை. காலைத் தேநீர் கண்ணாடி டம்ளரில் கொதிக்கக் கொதிக்க வரும். மற்றவர்கள் துண்டால் பிடிப்பார்கள். நான் வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"ஏலே, கையா அது, அகப்பையா?" என்பார் மேஸ்திரி. எல்லோரும் சிரிப்பார்கள்.

கூட்டத்தில் என்னை யாரும் கவனிப்பதில்லை. இதற்காகவாவது கவனிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன். மறுநாளும் வேண்டுமென்றே வெறுங்கையால் பிடித்தேன். அது 2001. நோய் என்னிடம் முதலில் அப்படித்தான் வந்தது, ஒரு திறமையைப் போல.

சில மாதம் கழித்து உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. கத்தரி பிடித்ததாலா, டம்ளராலா என்று எனக்கே தெரியவில்லை. முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் இருந்தது. முதுகிலும் தொடையிலும்கூட இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

டாக்டர் கண்ணை மூடச் சொன்னார். "பேனா முனையால தொடுவேன். தொட்ட எடத்துல விரலை வைங்க" என்றார். நான் காத்திருந்தேன். வெகுநேரமாக அவர் தொடங்கவில்லை என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது என் கையில் ஏழெட்டு மைப் புள்ளிகள் இருந்தன.

தொழுநோய் என்றார். உணர்விழப்பு (தொட்டாலும் சுட்டாலும் தெரியாமல் போவது) ஏற்பட்டிருக்கிறது என்றார். கூட்டு மருந்து (ஒரே அட்டையில் பல மாத்திரைகள், கிருமியைக் கொல்வது) பன்னிரண்டு மாதம் கொடுத்தார்கள். மாதத்தின் முதல் மாத்திரையன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். தோல் கறுக்கும். பயப்பட வேண்டாம், அது மருந்தின் வேலை.

"நோய் முழுசாப் போயிரும். போன உணர்ச்சி திரும்புறது சந்தேகம். இனி ஒங்க காலைக் காப்பாத்துறது மாத்திரை இல்ல, ஒங்க கண்ணுதான்" என்றார் டாக்டர்.

பாதமும் மரத்திருந்தது. தினமும் மாலையில் கையையும் காலையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதச் சொன்னார்கள். மனசு எப்படி இருக்கிறது என்றும் ஒரு வரி எழுதச் சொன்னார்கள். மெத்தென்ற ரப்பர் செருப்பும் கொடுத்தார்கள்.

என் மனைவி பேச்சியம்மாளிடம் நரம்புத் தளர்ச்சி என்று சொன்னேன். அந்தச் செருப்பைக் கண்டால் ஊரில் எல்லோருக்கும் என்ன நோய் என்று தெரியும். அதைப் பரணில் வைத்துவிட்டுப் பழைய செருப்போடு தோட்டத்துக்குப் போனேன்.

நோட்டு எழுதுவது எனக்குப் புதிதல்ல. தோட்டத்து மோட்டார் ரூமில் ஒரு நோட்டு தொங்கும். எந்த வரிசையில் எந்த நாள் கவாத்து, எந்த நாள் மருந்தடிப்பு என்று நான்தான் எழுதுவேன். மறுநாளும் அதே வேலை என்றால் 'மேற்படி' என்று போடுவது வழக்கம். பத்து நாள் வேலை ஒரு வரியும் ஒன்பது மேற்படியுமாக முடிந்துவிடும்.

என் நோட்டையும் அப்படித்தான் எழுதினேன். 'காயமில்லை. மனசு தெரியவில்லை.' அடுத்த நாள் மேற்படி. அதற்கடுத்த நாளும் மேற்படி. ஆரம்பத்தில் காலைப் பார்த்துவிட்டு எழுதினேன். பிறகு பார்க்காமல் எழுதினேன். வலித்தால் தெரியாமலா போகும் என்று இருந்தேன். வலிக்காது என்பதுதான் என் நோய் என்பது எனக்கு உறைக்கவில்லை.

பன்னிரண்டு மாதமும் முடிந்தது. குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதன்பின் வந்த கவாத்து நாட்களில் ஏதோ ஒன்றில், பந்தல் கம்பித் துண்டு ஒன்று செருப்பைத் துளைத்து இடது பெருவிரலுக்குக் கீழே ஏறியிருக்கிறது. என்றைக்கு என்று இன்றுவரை தெரியாது.

பேச்சியம்மாள்தான் கண்டாள். "என்னங்க, வாசல்ல இருந்து கட்டில் வரைக்கும் செவப்பாக் கெடக்கு. எதை மிதிச்சீக?" என்றாள். கத்தரி வெட்டியதோ என்று நான் என் கைகளைப் பார்த்தேன். அவள் குனிந்து என் காலைத் தூக்கினாள். அவள் முகம் மாறியதைப் பார்த்துத்தான் புண்ணின் அளவு எனக்குத் தெரிந்தது.

தேனியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். சீழ் எலும்பு வரை இறங்கிவிட்டது, இன்னும் சில நாள் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்கள். பெருவிரலை எடுத்தார்கள். அங்கே டாக்டர் நோயின் பெயரை அவள் முன்னால் சொன்னார்.

"தொத்துமா?" என்று கேட்டாள்.

"மருந்து முடிஞ்சிருச்சு. தொத்தாது. ஆனா ஒங்களையும் ஒருதடவை பாத்துருவோம்."

அவளுக்கு ஒன்றும் இல்லை. என் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்கிட்டக்கூட ஏன் சொல்லல?" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. விரல் போன இடத்தைப் பார்த்தாலும் வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல இருந்தது.

கட்டுப் போட்ட சிஸ்டர் என் நோட்டைக் கேட்டார்கள். பேச்சியம்மாள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். கம்பி காலுக்குள் இருந்த நாட்களிலும் மேற்படி, மேற்படி.

"என்னண்ணே இது? தோட்டத்துக்குப் போடலாம். ஒடம்புக்கு ஏதுண்ணே மேற்படி?"

திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. புது நோட்டு ஒன்று வாங்கச் சொன்னார்கள்.

வீடு திரும்பியதும் பரணிலிருந்து ரப்பர் செருப்பை இறக்கினேன். நாலு நாள் தெருவில் பார்த்தார்கள். பிறகு பார்க்கவில்லை. கவாத்து வேலைக்கு இப்போது கையுறை போட்டுக்கொண்டு போகிறேன். மேஸ்திரி டம்ளரைத் துண்டில் சுற்றித் தருகிறார்.

தினமும் மாலை காலைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, பேச்சியம்மாள் முன்னால் நீட்டுவேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் பார்த்துச் சொல்வாள், நான் எழுதுவேன். "குதிகால்ல வெடிப்பு. சின்னதுதான்." எழுதுவேன். "எறும்பு கடிச்ச தடம் ரெண்டு." எழுதுவேன்.

ஒருநாள் சொன்னாள்: "கல்யாணத்தன்னைக்குக்கூட ஒங்க மொகத்த இம்புட்டு நேரம் பாக்கல. இந்தக் காலைத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். அதையும் எழுதுங்க."

எழுதினேன். மனசு என்ற வரியில் அன்றைக்கு அதுதான் இருக்கிறது. மற்ற நாட்களில் பெரும்பாலும் 'தெரியவில்லை' என்றே இருக்கிறது. உண்மை அதுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நோட்டு எழுதியதால் என் விரல் திரும்பவில்லை, உணர்ச்சியும் திரும்பவில்லை. மற்றவர்களுக்கு உடம்பு தானாகச் செய்தி சொல்லும். எனக்கு நான்தான் போய்ப் பார்த்து வர வேண்டும். திராட்சைக்குக் கவாத்து நாளிலிருந்து அறுவடைக்கு நாள் எண்ணுவோம். என் காலுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. மாலையில் பார்த்தால் அன்றைய நாள் முடிந்தது, அவ்வளவுதான்.

இரண்டு வருடம் எழுதியும் நோயின் பெயரை நான் நோட்டில் எழுதியதில்லை. 'நரம்பு' என்றே போட்டிருந்தேன். இன்று இதை எழுதிக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பேரை எழுதிட்டீகளா?"

"இதுல எழுதிட்டேன்."

"நம்ம நோட்டுல?"

நோட்டை எடுத்துவந்து அவளே விரித்து வைத்தாள். எழுதினேன்:

தொழுநோய். தீர்ந்தது. வலது கால், காயமில்லை. இடது கால், காயமில்லை. மனசு, கொஞ்சம் பயம்.

12.6.2005