ஃபார்மட் பண்ணிக் குடுங்க

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வரும் சிபியுக்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு லாட்ஜ் மேனேஜர், படித்த மனுஷன், சிபியுவின் பக்கவாட்டில் இருக்கும் ஓட்டைகளை எல்லாம் சந்தனத்தால் மெழுகி நடுவில் குங்குமம் வைத்துக் கொண்டுவந்தார். "பத்து நிமிஷத்துல தானா ஆஃப் ஆவுது சார், வைரஸா?" என்றார். உள்ளே இருக்கும் பிராசஸர் வேலை செய்தால் சூடாகும். அந்தச் சூட்டை வெளியே தள்ள ஒரு ஃபேன் இருக்கிறது. ஃபேனுக்குக் காற்று வர அந்த ஓட்டைகள். சாமி பேரைச் சொல்லி அதன் மூக்கை அடைத்துவிட்டு வைரஸ் என்கிறார். பழைய பிரஷ்ஷால் சுரண்டிக் கொடுத்தேன். மறு வருஷமும் சந்தனத்தோடுதான் வந்தார்.

செங்கம் ரோட்டில் பதினாறு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர் ஒருவர் மௌன விரதத்தில் இருந்தார். ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார்: வைஃபை ஸ்பீடு கம்மியாக இருக்கிறதாம், மூன்று ஆச்சரியக்குறி. விரதத்துக்கு எதற்கய்யா ஸ்பீடு?

இவர்களைக்கூடச் சகித்துக்கொள்வேன். எனக்குத் தாங்கவே முடியாதவர்கள், வியாதியைச் சொல்லாமல் மருந்தைச் சொல்கிறவர்கள். டாக்டரிடம் போய் "ஊசி போட்டுவிடுங்க" என்று கையை நீட்டுகிற ஜாதி. எங்கள் தொழிலில் அந்த ஊசிக்குப் பெயர் ஃபார்மட். ஸ்லோவா? ஃபார்மட் போடுங்க. பிரிண்டர் வரவில்லையா? ஃபார்மட் போடுங்க. ஒயர் கழன்றிருந்தாலும் அவர்களுக்கு ஃபார்மட்தான். ஃபார்மட் என்றால் ஹார்டு டிஸ்கைத் துடைத்துவிட்டுப் புதிதாக எல்லாவற்றையும் ஏற்றுவது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த வெள்ளிக்கிழமை, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே மனு டைப் அடிக்கும் கடை வைத்திருக்கும் பெண் ஒருவர் ஆட்டோவில் சிபியுவைக் கொண்டுவந்து இறக்கினார். திங்கட்கிழமைதோறும் ஆபீஸில் குறை கேட்கும் நாள். பட்டா, பென்ஷன், பாதைத் தகராறு என்று வரும் கூட்டத்துக்கு மனு எழுதித் தருவது அவர் பிழைப்பு.

"அண்ணா, ஃபார்மட் போயிடுச்சு. ஃபார்மட் பண்ணிக் குடுங்க. திங்கக்கிழமை அடி அண்ணாமலையில இருந்து ஒரு பெரியவரு வருவாரு, அவருக்கு மனு அடிச்சே ஆவணும்" என்றார். மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். "நாளைக்கு வந்து எடுத்துக்கோங்கம்மா."

வழக்கமாக முதலில் ஆன் செய்து பார்ப்பேன். டெஸ்க்டாப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்து, காப்பி எடுத்துவிட்டுத்தான் கை வைப்பேன். அன்று செய்யவில்லை. வேலை ஜாஸ்தி என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எரிச்சல்தான் காரணம். ஃபார்மட்தானே கேட்டாய், வாங்கிக்கொள் என்று பென்டிரைவைச் சொருகி டிஸ்கைத் துடைத்தேன். மத்தியானத்துக்குள் எல்லாம் பளபளவென்று இருந்தது.

சனிக்கிழமை எடுத்துப்போனவர் ஒரு மணி நேரத்தில் போன் செய்தார்.

"அண்ணா, என் ஃபைலு ஒண்ணுமே காணோம்."

"நீங்கதானம்மா ஃபார்மட் பண்ணச் சொன்னீங்க?"



"மனு ஃபார்மட்டுண்ணா. எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வந்துச்சு. அனுப்புநர், பெறுநர், பொருள்னு நாங்க வச்சிருப்போமில்ல, அந்த ஃபார்மட்டு. அதைத்தான் சரி பண்ணச் சொன்னேன்."

கலெக்டர் ஆபீஸ் வட்டாரத்தில் மனுவின் அமைப்புக்கே ஃபார்மட் என்றுதான் பெயர். அது எனக்குத் தெரியாதா? நானே ரேஷன் கார்டுக்கு "ஃபார்மட் இருக்கா" என்று கேட்டு வாங்கி நிரப்பியவன். அவருடைய கம்ப்யூட்டரில் தமிழ் ஃபான்ட் அழிந்துபோயிருந்தது, அவ்வளவுதான். இரண்டு நிமிஷ வேலை. அந்த இரண்டு நிமிஷம் அவரைப் பேச விட்டிருந்தால் போதும்.

அவர் திட்டவில்லை. "அந்தப் பெரியவரு மனு மட்டுமாவது எடுத்துக் குடுத்துடுங்கண்ணா" என்றார். பெரியவருடைய அரை ஏக்கர் நிலம் வேறு யாருடைய பெயரிலோ பட்டா ஆகியிருக்கிறது. நான்கு முறை மனு கொடுத்துவிட்டார். எந்தத் தேதியில் கொடுத்தது, எந்த அதிகாரி என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் அந்த நான்கு மனுக்களில்தான் இருக்கிறது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையில் இருந்த நகல்களைப் போன மழையில் ஒழுகின கூரை தின்றுவிட்டது. இந்தத் திங்கட்கிழமை பழைய மனுக்களின் விவரத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து.

அன்று சாயங்காலமே போய் சிபியுவைக் கடைக்குத் திரும்ப எடுத்துவந்து, ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அந்த டிஸ்கோடு உட்கார்ந்தேன். ஃபார்மட் செய்தால் எல்லாம் உடனே அழிந்துவிடுவதில்லை. பீரோவில் எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் கிழித்துப் போடுகிறோம். துணிமணி உள்ளேயே கிடக்கும். ஆனால் அதற்கு மேல் புதிதாக எதையாவது திணித்தால், திணித்த இடத்தில் இருந்தது போனது போனதுதான். நானோ முழு ஓ.எஸ்ஸையும் ஏற்றி, யாரும் கேட்காத நாலு சாஃப்ட்வேரையும் அன்பளிப்பாகப் போட்டிருந்தேன்.

மீட்டெடுத்த ஃபைல்களுக்குப் பெயர் இல்லை, வெறும் நம்பர்கள். ஒவ்வொன்றாகத் திறந்து படிக்க வேண்டியிருந்தது. சுடுகாட்டுக்குப் போக வழி இல்லை. கணவர் இறந்து மூன்று வருஷம், பென்ஷன் வரவில்லை. தெருக்குழாயில் சாக்கடை கலக்கிறது. எல்லாவற்றின் அடியிலும் "தாங்கள் கருணை கூர்ந்து". மனிதர்கள் என்னென்ன சின்ன விஷயத்துக்கெல்லாம் கெஞ்சுகிறார்கள் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் அந்த எரிச்சலை நினைத்தே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் பெரியவருடைய மனு ஒன்று கிடைத்தது. "ஐயா, அடி அண்ணாமலை கிராமத்தில் வசிக்கும் நான்" என்று தொடங்கி ஐந்து வரி. ஆறாவது வரியிலிருந்து கேள்விக்குறிகளும் கோணல்மாணல் எழுத்துகளுமாக ஒரு பக்கம். மற்ற மூன்றும் இல்லவே இல்லை.

திங்கட்கிழமை காலை சிபியுவை பைக்கில் வைத்துக் கட்டி நானே எடுத்துக்கொண்டு வேங்கிக்கால் போனேன். பெரியவர் எனக்கு முன்னாலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, மடியில் ஒரு காலி மஞ்சள் பை. மனுவைப் போட்டு எடுத்துப்போக.

ஒயர்களை மாட்டினேன். கிடைத்தது இவ்வளவுதான் என்று மெதுவாகச் சொன்னேன். அந்தப் பெண் ஐந்து வரியையும் பார்த்தார். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினார்.

"கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆயிடுச்சுங்க ஐயா. திடீர்னு."

பெரியவர் என்னைப் பார்த்தார். "நீதான் சரி பண்ணிக் குடுத்தியாப்பா?"

நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஆட்டினேன்.

"நல்லா இருப்பே" என்றார்.

அந்தப் பெண் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, அனுப்புநர், பெறுநர், பொருள் என்று அடித்துவிட்டு நிறுத்தினார். "மொதல் மனு எந்த மாசம் குடுத்தோம், ஞாபகம் இருக்குங்களா?"

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு எப்பிடிம்மா தெரியும்? நீதான அடிச்சே?" என்றவர், மேஜைக்கு அடியில் நான் அப்போதுதான் வைத்த பெட்டியைக் கையால் தட்டிக் காட்டினார். "அதுல பாரு. எல்லாம் அதுலதான இருக்கு."