கடைசி நான்கு அத்தியாயங்கள்

புத்தகத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு ஸ்டெல்லாவின் அம்மா நின்ற நிலை இன்றும் என் கண்ணில் இருக்கிறது. ராயபுரத்தில் நான் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்த வருடம் அது. இறால் உரிக்கும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். விரல்கள் ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன.

"இன்னா டீச்சர் இது? அந்தப் பொண்ண மறக்கவெக்க நான் படாதபாடு பட்டுகினு கீறேன். செத்துப்போற கதையப் படிச்சுக் காட்டி நீங்க எம் பொண்ண அழவெக்கிறீங்க?"

அந்தப் பொண்ணு என்று அவர் சொன்னது கௌசல்யாவை. ஸ்டெல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்தவள். நான்கே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பிறகு வகுப்பில் யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. நானும்தான். வருகைப் பதிவேட்டில் அந்த வரி வந்தால் வேகமாகத் தாண்டிவிடுவேன். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் பள்ளி நூலகத்திலிருந்து அந்தச் சிறுவர் நாவலை எடுத்துவந்தேன். நொண்டிக் கழுதை ஒன்றைச் சேர்ந்து வளர்க்கும் இரண்டு சிறுமிகளின் கதை. பாதியில் ஒருத்தி இறந்துபோகிறாள். தினமும் கடைசிப் பாடவேளையில் ஓர் அத்தியாயம் வாசித்தேன். அவள் இறக்கும் அத்தியாயத்தைக் கேட்டபோதுதான் ஸ்டெல்லா முதல்முறையாக அழுதாள். புத்தகத்தைக் கேட்டாள், கொடுத்தனுப்பினேன். மறுநாளே அவள் அம்மா அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். மறுநாளிலிருந்து இலக்கணம் நடத்தினேன். மீதி நான்கு அத்தியாயங்கள் அலமாரிக்குள் போயின. பிள்ளைகள் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த மௌனத்தை அப்போது அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்கள் பயப்படுகிறார்கள் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

பத்து நாள் கழித்து ஸ்டெல்லாவின் அம்மா மறுபடி வந்தார். இந்த முறை வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், அந்தப் புக்கு இன்னும் கீதா?"

"இருக்குங்கம்மா. ஏன்?"

"ஸ்கூல் வுட்டதும் எம் பொண்ணு தெனம் கௌசல்யா வூட்டுக்குப் போயி, நீங்க படிச்ச கதைய அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட சொல்லிகினு இருந்துருக்கா. எனக்குத் தெரியாது. நீங்க நிறுத்தினதும் சொல்றதுக்குக் கதை இல்ல, போகல. இன்னிக்கு அந்தம்மாவே எங்க வூட்டாண்ட வந்து நிக்குது. பாப்பா ஏன் வர்றதில்ல, அந்தக் கழுதை இன்னாச்சுன்னு கேக்குது."

சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"சாவுக்குப் போனதோட சரி. அப்பால நான் அந்தத் தெருப் பக்கமே போகல டீச்சர். எம் பொண்ணு உயிரோட கீது. அதக் கூட்டிகினு அந்தம்மா மின்னாடி எப்டிப் போயி நிப்பேன்? நீங்களும் கூட வாங்க."

சனிக்கிழமை மாலை ஸ்டெல்லாவையும் கூட்டிக்கொண்டு மூவரும் போனோம். கௌசல்யாவின் வீடு ஒற்றை அறை. அவள் அம்மா பாய் விரித்தார். ஸ்டெல்லா நான்கு அத்தியாயங்களையும் நிறுத்தாமல் வாசித்தாள். தனியாகிப்போன சிறுமி கழுதையைக் கூட்டிக்கொண்டு தோழியின் வீட்டுக்குப் போவதோடு கதை முடிந்தது. நான் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று நினைத்தேன்.

அதுவரை கதவருகிலேயே நின்றிருந்த ஸ்டெல்லாவின் அம்மாதான் பேசினார்.

"உங்க கௌசல்யா எங்க வூட்ல துன்னா, மீன் கொழம்புல மீன ஒதுக்கிட்டு மாங்காயா பொறுக்கித் துன்னும். எங்க வூட்டுக்காரரு இதுக்கின்னே ரெண்டு மாங்கா கூட வாங்கியாருவாரு."

கௌசல்யாவின் அம்மா நிமிர்ந்து பார்த்தார். பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"அப்பறம்?" என்றார்.