அணை உடைந்த ஆட்டம்

அட்டை ஆட்டக்காரர்கள் அவளைத் தீர்ப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாரத்தில் ஆறு நாள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண்ணாடி தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமையானால் கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு போட்டி நடக்கும் மண்டபத்துக்குப் போய்விடுவாள். பதினோரு வருடமாக நடுவர். விதிப்புத்தகத்தைப் புரட்டாமலே தீர்ப்புச் சொல்கிறாள் என்று மற்றவர்களுக்கு வியப்பு. அதில் அவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் குழம்புவார்கள். அட்டையைப் போட்டதும் அது உடனே வேலை செய்துவிடாது. எதிராளி பதிலுக்கு ஒன்று போடலாம், அதற்குப் பதிலாக இவர் இன்னொன்று. இருவருக்கும் கை ஓய்ந்த பிறகுதான் எல்லாம் பலிக்கத் தொடங்கும், அதுவும் தலைகீழாக. கடைசியில் போட்டது முதலில் பலிக்கும், முதலில் போட்டது கடைசியில். அடுக்கி வைத்த தட்டுகளில் மேலே இருப்பதைத்தானே முதலில் எடுப்பீர்கள் என்று அவள் விளக்குவாள்.

அந்த வருடம் இறுதி ஆட்டத்தில் ஒரு பக்கம் மருந்துக்கடைக்காரர், மறுபக்கம் ஓர் எலக்ட்ரீஷியன். ஜெயிப்பவர் வெளிநாட்டுப் போட்டிக்குப் போவார். எலக்ட்ரீஷியன் ஆறு வருடம் முட்டி மோதி அன்றைக்குத்தான் அந்த மேசை வரை வந்திருந்தான். வாய் திக்கும் ஆள். விரலால் சுட்டிக் காட்டியே காரியத்தை நடத்திக்கொள்வான்.

மருந்துக்கடைக்காரர் 'வெள்ளம்' போட்டார்: எதிராளியின் படை மொத்தத்தையும் அடித்துக்கொண்டு போகும் அட்டை. எலக்ட்ரீஷியன் பதிலுக்கு 'அணை' போட்டான்: அந்தச் சுற்றில் அவன் படைக்கு ஒன்றும் ஆகாது. அவர் விடவில்லை, 'பூகம்பம்' போட்டார்: மேசையிலிருக்கும் ஏதாவது ஓர் அட்டையை உடைக்கும். அவர் காட்டியது அணையை. அதற்குமேல் இருவரிடமும் போட ஒன்றுமில்லை. பின்னாலிருந்து தொடங்கினார்கள். பூகம்பம் பலித்தது, அணை உடைந்தது. உடைந்த அணை இனி வெள்ளத்தைத் தடுக்குமா? தீர்ப்பக்காவைக் கூப்பிட்டார்கள்.

"அணை மேசையில இருந்தாத்தான் காக்கும். உடைஞ்சிடுச்சு, அதனால வெள்ளம் பலிக்குது" என்றாள்.

எலக்ட்ரீஷியன் தன் அட்டையின் கடைசி வரியை விரலால் தட்டினான். "இ... இது பு... பு..." என்று ஆரம்பித்தான். கழுத்து நரம்பு புடைத்தது, சொல் வரவில்லை. ஆட்டம் ஏற்கெனவே இழுத்துக்கொண்டு போயிருந்தது. சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"தீர்ப்பு சொல்லியாச்சு தம்பி. மேற்கொண்டு ஆடுங்க."

தலைமை நடுவரிடம் முறையிட அவனுக்கு உரிமை இருந்தது. அதற்கும் அத்தனை பேர் நடுவில் வாயைத் திறந்தாக வேண்டும். அவன் மிச்ச ஆட்டத்தை ஆடித் தோற்று, முடிவுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துபோனான்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. பு. புதுசு. அந்த வருடம் அணை அட்டையின் வாசகத்தை மாற்றி அச்சிட்டிருந்தார்கள். சுற்றறிக்கை வந்ததும் நிஜம், அவள் படித்ததும் நிஜம். பழைய அணைதான் மேசையில் நின்றால் காக்கும். புதியதைப் போட்ட கணத்திலேயே அதன் பலன் வரிசையில் சேர்ந்துவிடும். பிறகு அட்டையை உடைத்தாலும் அதன் பலனை உடைக்க முடியாது. அவன் படை தப்பியிருக்கும். மருந்துக்கடைக்காரர் கையில் ஓர் அட்டைகூட மிச்சமில்லை. அடுத்த சுற்றில் எலக்ட்ரீஷியன் ஜெயித்திருப்பான்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே ஓடினாள். மண்டபத்தில் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். அமைப்பாளர் பொறுமையாகத்தான் கேட்டார். கையெழுத்தான முடிவை யாராலும் மாற்ற முடியாதாம். காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தாள். மறுநாள் மருந்துக்கடை வரிசையில் போய் நின்றாள். அவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே சொன்னார்: "நான் ஏமாத்தலையேம்மா. நீங்க சொன்னீங்க, நான் ஆடினேன்." சங்கத்துக்கு நான்கு கடிதம் எழுதினாள். நான்காவதற்குப் பதில் வந்தது: முடிவில் மாற்றமில்லை, தவறிய நடுவருக்கு ஓராண்டுத் தடை. கடையில் ஒருவருடைய வலது கண்ணாடியை இடது பக்கம் பொருத்திவிட்டாள். ஓர் அட்டை விளையாட்டுக்காகவா இந்தப் பாடு என்று தங்கை திட்டினாள்.

மூன்றாவது வாரம் எலக்ட்ரீஷியன் வீட்டைத் தேடிப் போனாள். அவனே கதவைத் திறந்தான். சட்டைப் பையில் டெஸ்டர் துருத்திக்கொண்டிருந்தது.

"நான் சொன்னது தப்பு தம்பி. அணை பலிச்சிருக்கணும்."

"தெ... தெரியும்க்கா."

அட்டைகளையெல்லாம் மச்சானிடம் கொடுத்துவிட்டானாம். அவள் வாசலிலேயே நின்றாள். அவன்தான் வழிவிட்டு விலகினான்.

"உ... உள்ள வாங்க. எ... என் பொண்டாட்டிகிட்ட ஒரு தடவை சொல்லுங்க. நா... நான் ஏதோ தப்பா ஆடித்தான் தோத்தேன்னு நினைச்சிட்டிருக்கா. எனக்கு சொ... சொல்ல வரல."

அவன் மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அயர்ன்பாக்ஸை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். தீர்ப்பக்கா மூன்று கரண்டிகளை மேசையில் வரிசையாக வைத்து வெள்ளம், அணை, பூகம்பம் என்று சொல்லி, கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள்.

"உடைஞ்ச பிறகு எப்படிங்க காக்கும்?" என்று கேட்டாள் அவன் மனைவி.

"கடிதத்தைத் தபால்பெட்டியில போட்டாச்சு. அப்புறம் பேனாவை உடைச்சா கடிதம் நின்னுடுமா?"

அவன் மனைவி அணைக் கரண்டியைக் கையிலெடுத்துப் பார்த்தாள். "அப்போ இவர்தான் ஜெயிச்சிருக்கணும்?"

"ஆமாம்மா. இவர்தான்."

அவள் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். இதைச் சொல்லத்தான் மூன்று வாரமாகப் பின்னாலேயே சுற்றினீர்களா என்று கேட்டாள். அவன் தலையசைத்தான். பிறகு தீர்ப்பக்காவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ரெண்டு நிமிஷம் நின்னு கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்மா" என்றாள் தீர்ப்பக்கா.

தடை முடிந்ததும் புதியவர்களோடு புதியவளாக உட்கார்ந்து நடுவர் தேர்வை மறுபடி எழுதினாள். இப்போது ஒவ்வொரு தீர்ப்புக்கும் புத்தகத்தைப் புரட்டுகிறாள், மந்தமாகிவிட்டாள் என்று காதுபடவே பேசுகிறார்கள். எலக்ட்ரீஷியன் மறுபடி ஆட வரவில்லை.