குடிக்காத கண்டக்டருக்கு வந்த குடிகார வியாதி

எங்க மச்சான் உலஹன்னான் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கள்ளு குடிச்சவரில்ல. இதுக்கு நான் சாட்சி சொன்னா எடுபடாது, ஏன்னா நான் கள்ளுக்கடையில சமையல்காரன். இருந்தாலும் சொல்றேன். அந்த மனுஷன் இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துட்டுத்தான் குடிப்பார்.

அவர் என் பெண்டாட்டி லில்லிக்குட்டியோட அண்ணன். அரசுப் படகுல கண்டக்டர். கூடவே எங்க சர்ச் மதுவிலக்கு சமிதிக்குச் செயலாளர். அந்தப் பதவிக்கு இதுவரைக்கும் வேற எவனும் போட்டி போட்டதில்ல. சாயங்காலம் கடைசிப் படகு எங்க கடைக்கு முன்னால இருக்கற படகுத்துறை, அந்த ஜெட்டிப் பக்கம் வந்தா, டிரைவர் வேகத்தைக் குறைக்கறதுக்குள்ள மணிக்கயித்தை ரெண்டு இழு இழுத்துடுவார். ஒரு மணின்னா நில்லு, ரெண்டுன்னா போ. படகு நிக்காது. ஓமனக்குட்டன்னு ஒருத்தன், நெல்லு மூட்டை தூக்கறவன், எங்க கடையோட மூத்த வாடிக்கை. கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஜெட்டியில நின்னு கண்டக்டரோட அப்பன் பாட்டன் எல்லாரையும் பேர் சொல்லி விசாரிப்பான். அப்புறம் வயல் வரப்பு மேல நடந்தே வீட்டுக்குப் போவான், பாதி நாள் வயலுக்குள்ள விழுந்து எழுந்து.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சா மச்சான் சமிதிக்காரங்களோட எங்க கடை வாசல்ல கறுப்புக்கொடி பிடிச்சு நிப்பார். "குடிகாரனே, வெளியே வா!"ன்னு மைக்குல கூப்பிடுவார். எவனும் வரமாட்டான். உள்ள நான் வாத்துக்கறி கிளறிக்கிட்டிருப்பேன். மத்தியானம் அதே கறி ஒரு தூக்குல லில்லி கையில அவர் வீட்டுக்குப் போகும். அடி வரைக்கும் வழிச்சுத் தின்னுட்டு, "கறி நல்லாத்தான் இருக்கு, வந்த இடம்தான் சரியில்ல"ன்னு சொல்லி அனுப்புவார். எப்படி இருக்கு நியாயம்!

இப்படிப்பட்ட ஆளு ஈஸ்டருக்கு முந்தின அம்பது நாள் நோன்பையும் முழுசா இருப்பார். மீன் கிடையாது, கறி கிடையாது, முட்டை கிடையாது. அந்த வருஷமும் இருந்தார். ஈஸ்டர் காலையில நோன்பு விட்டதும் அம்பது நாள் பாக்கியையும் ஒரே மூச்சுல வசூல் பண்ணிட்டார். அப்பம், என்னோட வாத்துக்கறி, கொழுப்பு மினுமினுக்கற பன்றிக்கறி, மேல மாட்டிறைச்சி வறுவல். சாயங்காலம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில சுருண்டார். அந்த வலி முதுகு வரைக்கும் குத்துதுன்னு அலறினார். படகுல போட்டு ஆலப்புழை, அங்கேருந்து ஆம்புலன்ஸ்ல கொச்சி.

கணையம் வீங்கிப்போச்சுன்னு சொன்னாங்க. அங்கே இருந்த சின்ன டாக்டர் பையன் தலையைத் தூக்காம கேட்டான்:

"தினம் எவ்ளோ குடிப்பீங்க?"

"நான் குடிக்கமாட்டேன்."

"சரி, எப்பலேர்ந்து குடிக்கல? இன்னைக்குக் காலையிலேர்ந்தா?"

அவனைக் குத்தம் சொல்லியும் பிரயோஜனமில்ல. ஈஸ்டர் ராத்திரி அந்த வார்டுல படுத்திருந்தவன் எல்லாம் குடிச்சுக் கணையத்தைக் கெடுத்துக்கிட்டவன்தான். பக்கத்துக் கட்டில்காரன் சிநேகமா மச்சான் தோளைத் தட்டினான். "வெட்கப்படாதீங்க சேட்டா, இங்க நாமெல்லாம் ஒரே கட்சி." மச்சானுக்கு வலியை விட அந்தத் தட்டுதான் தாங்கல.

மறுநாள் பெரிய டாக்டரம்மா ஷாஹிதா வந்து விஷயத்தைத் தெளிவாச் சொன்னாங்க. பித்தப்பையில கல்லு. கொழுப்பைக் கண்டதும் பித்தப்பை பிழிஞ்சிருக்கு, ஒரு கல்லு நழுவிக் கணையத்தோட வாயை அடைச்சிடுச்சு. கள்ளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா ஊர்ல டாக்டரம்மா பேச்சை யார் கேக்கறா? சேதி எங்க கடைக்கு வந்தப்போ பெஞ்சு ஆடற அளவுக்குச் சிரிச்சாங்க. ஓமனக்குட்டன் எழுந்து நின்னு, "திருடன்! வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சு அடிச்சிருக்கான்!"னான். மச்சான் சம்சாரம் அச்சாம்மா அக்காவுக்கே சந்தேகம் வந்துடுச்சு. என்னைத் தனியாக் கூப்பிட்டு, "ஏன் வர்க்கி, இந்த மனுஷன் எப்பப் பார்த்தாலும் ஏலக்காய் மெல்லுதே, அது எதுக்கு?"ன்னு கேட்டுச்சு. "வாய் நாத்தத்துக்குக்கா"ன்னேன். "அதான், என்ன நாத்தம்?"ன்னுச்சு.

கொஞ்ச நாள்ல சிரிப்பெல்லாம் அடங்கிடுச்சு. காய்ச்சல் விடல. மூக்கு வழியா குடலுக்கு விட்ட டியூப்லதான் கஞ்சி. ஸ்கேன் பார்த்துட்டு டாக்டரம்மா சொன்னாங்க, கணையம் பாதிக்கு மேல செத்துப்போய் இரைப்பைக்குப் பின்னாடி அழுகிக் கிடக்கு, இப்ப அதுல கிருமி புகுந்து சீழ் வச்சிருக்குன்னு. துபாயில இருக்கற சொந்தக்காரனுங்க எல்லாம் போன்ல டாக்டர் ஆயிட்டானுங்க. "வயித்தைக் கிழிச்சு வெளிய எடுக்கச் சொல்லுய்யா! எதுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க?"

நானும் அதையே போய்க் கேட்டேன். டாக்டரம்மா என்னை உக்கார வச்சாங்க.

"நீங்க குட்டநாடுதானே? காயல் தண்ணிக்குள்ள சேத்தை அள்ளி வரப்பு போடுவீங்க. போட்ட அன்னிக்கே மோட்டார் வச்சு உள்ள இருக்கற தண்ணியை இறைப்பீங்களா?"

"ஐயோ, எப்படி இறைக்கறது? வரப்பு இறுகணுமே. பச்சையா இருக்கறப்ப இறைச்சா உடைச்சுக்கிட்டு மொத்தமும் போயிடும்."

"அதேதான். சீழைச் சுத்தி உடம்பு ஒரு வரப்பு போட்டுக்கிட்டிருக்கு. நாலு வாரம் ஆனா கெட்டியாயிடும். அதுவரைக்கும் மருந்துல தள்ளிப் பார்ப்போம். அப்புறமும் வயித்தைக் கிழிக்க வேண்டாம். வாய் வழியா குழாய் விட்டு, இரைப்பைச் சுவர்ல ஒரு ஓட்டை போட்டு, அந்தச் சீழ்ப்பைக்கு வழி வச்சிடலாம்."

இதை விட எனக்கு யாரும் தெளிவாச் சொல்லிட முடியாது. துபாய்க்காரனுங்களுக்கு நானே போன் போட்டு, வாயை மூடிக்கிட்டு ஒட்டகத்தை மேய்க்கச் சொன்னேன்.

வரப்பு இறுகின அன்னிக்கு உள்ள கொண்டுபோகும்போது மச்சான் என் கையைப் பிடிச்சார். கை அனலாக் கொதிச்சுது.

"வர்க்கி, நான் செத்தா சாகறேன். ஆனா குடிச்சுச் செத்தான்னு ஒருத்தன் சொல்லிடக்கூடாது. சவப்பெட்டி மேல எழுதி ஒட்டியாவது வை."

"என்னன்னு ஒட்டறது மச்சான்? 'இது பித்தப்பைக் கல்லு கேஸ்'னா?"

அவர் சிரிக்கப் பார்த்தார், வலிச்சுது. நான் வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்து அழுதேன். என்ன இருந்தாலும் என் கறியை அவரை மாதிரி ரசிச்சுத் தின்னவன் ஊர்ல கிடையாது.

இரைப்பைக்கும் சீழ்ப்பைக்கும் நடுவுல ஒரு உலோகக் குழாயை வச்சாங்க. ரெண்டு பக்கமும் அகலமா, நடுவுல ஒடுங்கி, தையல் மிஷின் நூல்கட்டை மாதிரி இருக்குமாம். வச்சதும் சீழ் பீறிட்டு வந்துச்சாம். காய்ச்சல் இறங்கிச்சு. ஆனா செத்த சதை தானா வராது. ரெண்டு நாள் கழிச்சு அந்த ஓட்டை வழியாவே கேமராவை நுழைச்சு, ஒரு சுருக்குக் கம்பியால கறுப்புக் கறுப்பாப் பிய்ச்சு இழுத்தாங்க. பாதியில ஒரு ரத்தக்குழாய் உடைஞ்சிடுச்சு. தொடை வழியா ஊசி விட்டு அதை அடைச்சு ஆளைக் காப்பாத்தினாங்க. வெளிய வந்தப்போ மச்சான் வெள்ளைத் துணியா இருந்தார்.

"உள்ள இன்னும் பாதி அழுகல் இருக்கு. விட்டா மறுபடி கிருமி ஏறும். ஆனா இந்த உடம்புல ரத்தமில்ல, ஏத்தினாத்தான் நான் மறுபடி கை வைப்பேன்"னாங்க டாக்டரம்மா. "ஓ பாசிட்டிவ். வேற குரூப்பா இருந்தாலும் ரத்த வங்கியில மாத்திக்கலாம். ஆளுங்களைக் கூட்டிட்டு வாங்க, நாளன்னைக்குக் காலையில."

சமிதிக்குத்தான் முதல்ல போன் போட்டேன். நல்ல மனுஷங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா பாதிப் பேருக்கு வயசு அறுபத்தஞ்சு தாண்டிடுச்சு. மீதிப் பேரு சக்கரைக்கு இன்சுலின் போடறவங்க. தலைவர் மட்டும் வயசு கம்மி, அவருக்குப் போன மாசம்தான் நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. "உருக்கமா ஜெபிக்கிறோம் வர்க்கி"ன்னார்.

நான் நேரா கடைக்குப் போனேன். மத்தியானக் கூட்டம். அடுப்பு மேடையில கரண்டியால தட்டினேன்.

"டேய், கண்டக்டருக்கு ரத்தம் வேணும்."

ஓமனக்குட்டன்தான் வாயைத் துடைச்சுக்கிட்டு, "எங்க ரத்தம் அந்தாளுக்கு ஒத்துக்குமா? போதை ஏறிடப் போகுது"ன்னான்.

"அதான் விஷயம். இப்பலேர்ந்து நாளன்னைக்குக் காலை வரைக்கும் ஒரு சொட்டு தொடக்கூடாது. தொட்டவன்கிட்ட எடுக்கமாட்டாங்க."

"ஒரு நாள் முழுசாவா?"

"ஒரு நாள் முழுசா."

ஓமனக்குட்டன் கையில பாதி பாட்டில் இருந்தது. அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கண்டக்டரோட அம்மாவை ஒரு வார்த்தை திட்டினான். அப்புறம் பாட்டிலைக் கொண்டுபோய்க் கவுண்டர்ல வச்சுட்டு, "பால் போடாத டீ போடு வர்க்கியண்ணே"ன்னான்.

மறுநாள் எங்க கடை நடந்த மாதிரி அதுக்கு முன்னாடி நடந்ததில்ல, இனிமேலும் நடக்காது. ஆளுங்க எல்லாம் வழக்கம்போல வந்தானுங்க, வேற எங்க போவானுங்க? கப்பக்கிழங்கும் மீன்கறியும் தின்னானுங்க, கட்டன் டீ குடிச்சானுங்க. சாயங்காலம் ஆனப்போ ஓமனக்குட்டனுக்குக் கை நடுங்கி டம்ளர்லேர்ந்து டீ தளும்புது. வேர்த்து ஊத்துது. "போதும்டா, வேற ஆளு பார்த்துக்கறேன்"னேன். "சும்மா கிட"ன்னான். அந்தக் கடைசிப் படகு எங்க ஜெட்டியைத் தாண்டிப் போச்சு. வேற கண்டக்டர்தான், ஆனா பழக்கதோஷம், நிக்கல. எல்லாரும் தள்ளாடாம வரப்பு மேல வீட்டுக்கு நடந்தானுங்க. பெண்டாட்டிங்க பயந்துபோய் உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்களாம்.

விடிஞ்சதும் கொச்சிக்குப் போனோம். ரத்த வங்கியில ஓமனக்குட்டனை நாடி பார்த்துத் திருப்பி அனுப்பிட்டாங்க, நடுக்கம் ஜாஸ்தின்னு. ஒரு ஓரமாப் போய்க் குலுங்கிக் குலுங்கி அழுதான் அந்தத் தடியன். மத்தவங்க கொடுத்தாங்க. மச்சானுக்கு ரத்தம் ஏத்தினாங்க. டாக்டரம்மா மறுபடி உள்ள போனாங்க, இன்னொரு தடவையும் போனாங்க. கடைசியில வெளிய வந்து, "உள்ள இப்ப இளஞ்சிவப்பா சுத்தமா இருக்கு"ன்னாங்க. நூல்கட்டையை அப்புறம் எடுத்தாங்க, பித்தப்பையையும் எடுத்தாங்க. மச்சான் பிழைச்சுட்டார், பாதி எடையில.

நடந்ததை நான்தான் அவருக்குச் சொன்னேன். ஓமனக்குட்டன் நடுங்கினது, அழுதது எல்லாம். கேட்டுட்டுப் போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கிட்டார்.

மழை முடிஞ்சு வேலைக்குத் திரும்பின முதல் நாள். கடைசிப் படகு வருது. பின்கட்டுல பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தவன் மணிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். ஒரே ஒரு மணி. படகு எங்க ஜெட்டியில வந்து நின்னுச்சு.

எவனும் நகரல. என்னவோ சூழ்ச்சின்னு நினைச்சுட்டானுங்க. மச்சான் படகு விளிம்புல நின்னு கையை நீட்டினார். "வாடா ஓமனக்குட்டா, வயல்ல விழாத." அவன் நல்ல போதையில இருந்தான். அவர் கையைப் பிடிச்சுத் தொங்கி ஏறினான், அந்தக் கனத்துல மச்சானும் சேர்ந்து தள்ளாடினார்.

உள்ள உக்காந்திருந்த சமிதித் தலைவர் திகைச்சுப் போய்ட்டார். "என்ன உலஹன்னானே இது? நாலு பேரு பார்த்தா நீயும் குடிச்சிருக்கேன்னு சொல்லமாட்டாங்களா?"

"சொல்லட்டும்"னார் மச்சான். ஓமனக்குட்டனைத் தன்னோட சீட்டுல உக்கார வச்சுட்டு மணியை ரெண்டு இழு இழுத்தார்.